கல்லும் நீரும் ஆளும் கீழே இறங்கும் நைனிடால்

நைனிடால் என்றதும் ஏரியும் படகும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அந்த ஏரி அரை சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது. அதன் பெயரைத் தாங்கிய மாவட்டமோ 4,251 சதுர கிலோமீட்டர். உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவோன் கோட்டத்தில், கங்கைச் சமவெளி முடிந்து இமயமலை தொடங்கும் விளிம்பில் இருக்கிறது. தெற்கே லால்குவான் ஊரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு. அங்கிருந்து வடக்கே நேர்கோட்டில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் போவதற்குள் நிலம் 2,000 மீட்டரைத் தாண்டிவிடும். இவ்வளவு குறுகிய இடத்துக்குள் இவ்வளவு உயர வித்தியாசம் இருந்தால் கல், தண்ணீர், மனிதர், அரசு அலுவலகம் எல்லாமே ஒரு திசையில் சரியப் பார்க்கும். இந்த மாவட்டத்தைப் புரிந்துகொள்ள அந்தச் சரிவைப் பின்தொடர்ந்தாலே போதும்.

முதலில் மலை ஏன் இப்படித் திடீரென்று எழுகிறது என்று பார்ப்போம். இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளலில் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் அளவை இமயமலை தன் மடிப்புகளுக்குள் வாங்கிக்கொள்கிறது. அழுத்தம் தாங்காமல் பாறைகள் உடைந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பெரும் பிளவுகள் மலைத்தொடரின் நீளத்துக்கும் ஓடுகின்றன. இவற்றில் இரண்டு நைனிடால் மாவட்டத்தைக் குறுக்காக வெட்டிச் செல்கின்றன. ஒன்று மலையடிவாரத்திலேயே இருக்கிறது. இன்னொன்று சற்று உள்ளே, மலையேற்றம் தொடங்கும் ஊரான காட்கோதாமுக்கு மேலே. இதைப் புவியியலாளர்கள் முதன்மை எல்லைப் பிளவு என்கிறார்கள். இரண்டுக்கும் இடைப்பட்டது சிவாலிக் குன்றுகள். அந்தக் காலத்து நதிகள் இமயத்திலிருந்து அரித்துக் கொட்டிய மணலும் கூழாங்கல்லும் இறுகிப் பாறையாகி, அப்புறம் அவையே மலையாக உயர்த்தப்பட்டதுதான் சிவாலிக். அதற்கு வடக்கே இருப்பவை மிகப் பழைய சுண்ணாம்புப் பாறைகளும், ஸ்லேட் எனப்படும் பலகைக் கற்களும். பழையது புதியதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஏறும்போது உரசிய இடமெல்லாம் பாறை நொறுங்கிக் கிடக்கிறது. நைனிடால் நகரம் அந்த நொறுங்கிய பட்டையின் பக்கத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கௌலா நதியைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். இது பனிப்பாறையில் பிறக்கும் நதி அல்ல. மாவட்டத்தின் மேற்கே ராம்நகர் வழியாக இறங்கும் கோசியும் அப்படித்தான். மழையும் ஊற்றும்தான் இரண்டுக்கும் ஆதாரம். அதனால் மழைக்காலத்தில் சீறும், மே மாதத்தில் மெலிந்து கிடக்கும். காட்கோதாமில் மலையின் இடுக்கைவிட்டு வெளியே வரும் இடத்தில் கௌலாவின் படுகையைப் பார்த்தால் ஆறு என்றே தோன்றாது. பூசணிக்காய் அளவிலிருந்து குடத்தின் அளவு வரை, விளிம்பு மழுங்கி உருண்ட வெள்ளைக் கற்கள்தான் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை. குளிர்காலத்தில் அதன்மேல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கல்லும் சரளையும் மணலும் அள்ளிப் பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொரு மழைக்காலமும் நதி புதுச் சரக்கைக் கொண்டுவந்து இறக்கிவிடும்.

நதி இங்கே கல்லைக் கொட்டுவதற்குக் காரணம் எளிது. செங்குத்தான சரிவில் வேகமாக வந்த நீர் திடீரென்று சரிவு குறைந்த இடத்துக்கு வந்ததும் சுமக்கும் பலத்தை இழக்கிறது. முறத்தில் புடைக்கும்போது கனமானது தங்கி, லேசானது வெளியே போவதைப் போல, பெரிய கற்கள் மலைக்காலடியிலேயே விழுகின்றன. சரளை சற்றுத் தள்ளி விழும். மணலும் வண்டலும் இன்னும் தெற்கே போகும். லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படிக் கொட்டியதில் மலையடிவாரம் நெடுகிலும் கல் நிரம்பிய ஒரு பட்டை உருவாகியிருக்கிறது. இதற்குத்தான் பாபர் என்று பெயர். ஹல்த்வானி நகரம் முழுக்க கௌலா விசிறியாகப் பரப்பிய கல்மேட்டின்மேல்தான் நிற்கிறது.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் பாபரின் மேல் ஓடும் தண்ணீர் உள்ளே போய்விடும். மலையிலிருந்து சலசலத்து வந்த சிற்றோடைகள் சில கிலோமீட்டருக்குள் காணாமல் போகும். நிலத்தடி நீர்மட்டம் பல இடங்களில் 100 மீட்டருக்கும் கீழே. அந்த ஆழத்துக்குக் கையால் கிணறு தோண்டுவது நடக்காத காரியம். வருடம் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்ற வேடிக்கை இப்படித்தான் வந்தது.

மறைந்த நீர் அழிவதில்லை. கற்களுக்குள் நழுவித் தெற்கே போகிறது. அங்கே களிமண் படலங்கள் வழிமறிக்கின்றன. மேலே வர வேண்டிய கட்டாயத்தில் ஊற்றாகவும் சதுப்பாகவும் வெளியே வரும் அந்த ஈரப் பட்டைதான் தராய். களிமண் அடுக்குக்குக் கீழே சிக்கிய நீர் அழுத்தத்தில் இருப்பதால், துளை போட்டால் மோட்டார் இல்லாமலே பீறிட்டு வரும் இடங்களும் அங்கே உண்டு. ஒரே தண்ணீர்தான். இருபது கிலோமீட்டர் வடக்கே அதை எட்ட முடியாது, தெற்கே அதை வடிக்க முடியாது.

மக்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பதையும் இதுவே முடிவு செய்தது. குமாவோனி மலைக் குடும்பங்கள் குளிர்காலத்தில் மாடு கன்றுகளோடு பாபருக்கு இறங்கி, வெயில் காய்ந்து, ஒரு போகம் விளைத்துவிட்டு, சூடு ஏறியதும் மலைக்குத் திரும்புவது வழக்கம். 1834-இல் ஹல்த்வானி சந்தையாக உருவானதே இவர்களுக்காகத்தான். 1856 முதல் 1884 வரை குமாவோன் கமிஷனராக இருந்த ஹென்றி ராம்சே, மலை வாயிலிலேயே ஓடைகளை மடக்கி, கல் பாவிய கால்வாய்களில் பாபருக்குள் கொண்டுவரும் வேலையைப் பெரிய அளவில் செய்தார். தண்ணீரைக் கல்லுக்குள் விழவிடாமல் தூக்கிக்கொண்டு போவதுதான் அதன் சூட்சுமம். பாபரில் நிரந்தரக் குடியிருப்பு பெருகியது இந்தக் கால்வாய்களை நம்பித்தான்.

தராய்க்குப் போக வெளியாட்கள் பயந்தார்கள். காரணம் மலேரியா. தாரு, புக்சா என்ற பழங்குடிகள் மட்டும் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள். மலேரியா அவர்களை அவ்வளவாகத் தாக்காது என்பது வெறும் ஊர்ப்பேச்சு இல்லை. நேபாளத் தராயில் வாழும் தாரு மக்களிடம் ஆய்வு செய்து 1991-இல் வெளியான முடிவுகள், பக்கத்தில் வாழும் மற்றவர்களைவிட அவர்களுக்கு மலேரியா பல மடங்கு குறைவாக வருவதையும், ஆல்ஃபா தலசீமியா என்ற ரத்த மரபணு மாற்றம் அவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருப்பதையும் காட்டின. விடுதலைக்குப் பின் டி.டி.டி. மருந்து கொசுவை அடக்கியது, காடு வெட்டப்பட்டது. பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் குடியேற்றப்பட்டார்கள். 1960-இல் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தராயிலுள்ள பந்த்நகரில் வந்தது. சதுப்பு கோதுமை வயலாகிவிட்டது. மரபணு தந்த பாதுகாப்பு இப்போது யாருக்கும் தேவைப்படவில்லை. நிலம் மட்டும் பல இடங்களில் தாருக்களின் கையைவிட்டுப் போய்விட்டது என்பது தனிக் கதை.

1995-இல் இந்தத் தராய்ப் பகுதியைப் பிரித்து உதம் சிங் நகர் மாவட்டம் அமைத்தார்கள். கோடு கிழித்தவர்கள் புவியியல் பாடத்தை நினைத்துக் கிழித்தார்களோ இல்லையோ, பாபரின் பெரும்பகுதி நைனிடாலோடு நின்றது, தராயின் பெரும்பகுதி பிரிந்து போனது. இப்போது நைனிடால் மாவட்டத்தில் எட்டு வட்டாரங்கள். அவற்றில் ஹல்த்வானியும் ராம்நகரும் அடிவாரம். கோட்டாபாக் சிவாலிக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பள்ளத்தாக்கு. பீம்தால், ராம்கட், தாரி, ஓகல்காண்டா, பேதால்காட் ஐந்தும் மலை. ராம்கட் பீச்சும் பிளம்ஸும் விளையும் பழத்தோட்டப் பூமி. கோசிப் பள்ளத்தாக்கில் இருக்கும் பேதால்காட்டுக்கு முன்னால் மலைமுகடு நின்று மழையைத் தடுத்துவிடுவதால் அங்கே ஈரம் குறைவு.

சரி, ஏரிக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து 1,938 மீட்டரில், மூன்று பக்கமும் மலை சூழ, 1.4 கிலோமீட்டர் நீளத்தில் கிடக்கிறது. நிலப்பிளவு ஒன்று ஏரியின் நீளவாக்கிலேயே ஓடுகிறது. அதன் அசைவிலும், வெளியேறும் வாயைச் சரிவு அடைத்ததிலும் தேங்கிய நீர் இது. 1841-இல் பாரன் என்ற ஆங்கிலேயச் சர்க்கரை வியாபாரி வந்து பார்த்த பிறகு மளமளவென்று பங்களாக்கள் முளைத்தன. நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. 1880 செப்டம்பர் 18-ஆம் தேதி, இரண்டு நாள் விடாத மழைக்குப் பின் வடக்குச் சரிவு பெயர்ந்து வந்தது. விக்டோரியா ஹோட்டலும் நைனா தேவி கோவிலும் புதைந்தன. 151 பேர் இறந்தார்கள். ஏரியின் மேல் முனையில் இன்று கிரிக்கெட் ஆடும் மைதானம் அன்று இறங்கிய இடிபாடுகளால் அகன்ற நிலம்.

அதற்குப் பிறகு ஆங்கிலேயர்கள் செய்தது உருப்படியான பொறியியல். முன்பு சொன்ன நொறுங்கிய பட்டையின் பக்கத்தில் இருக்கும் பலகைப் பாறை சரிவதற்கு மழை மட்டும் காரணமில்லை. மழைநீர் விரிசல்களுக்குள் இறங்கி, அடுக்குகளுக்கு நடுவே அழுத்தத்தைக் கூட்டி, உராய்வைக் குறைப்பதுதான் ஆபத்து. ஆகவே நீர் உள்ளே இறங்குமுன் அதைப் பிடித்து ஏரிக்கு அனுப்ப, மலைச்சரிவு முழுக்க அறுபதுக்கும் மேற்பட்ட கல் வடிகால்களைக் கட்டினார்கள். பாதையோரம் பாருங்கள். ஆள் இறங்கி நிற்கிற ஆழத்தில், படிபடியாக, ஒவ்வொரு படியிலும் நீரின் வேகத்தை உடைக்கும்படி அமைந்த வடிகால்கள். நைனிடாலின் உண்மையான நினைவுச்சின்னம் எது என்று கேட்டால் நான் இவற்றைத்தான் சொல்வேன். ஆனால் பல இடங்களில் அவற்றின்மேல் கட்டடம், உள்ளே குப்பை.

ஏரிக்கு இன்னொரு வரவும் உண்டு. மேற்கே சற்று உயரத்தில் சூகாதால் என்ற பள்ளம். மழைக்காலத்தில் குளமாகும், பிறகு வற்றிப்போகும். வற்றுகிற நீர் ஆவியாவதைவிட அதிகமாகப் பாறைக்குள் இறங்கி மெதுவாக நைனி ஏரிக்கு வருகிறது. மழை நின்ற மாதங்களில் ஏரியைத் தாங்கும் நிலத்தடி வரவில் இதற்குப் பெரிய பங்கு. அந்தப் பள்ளத்தில் மண் கொட்டுவதும் வீடு கட்டுவதும் ஏரியின் குழாயைத் திருகுவதற்குச் சமம். நகரம் குடிக்கும் தண்ணீரும் பெருமளவு இந்த ஏரிதான்.

ஏரிக்குள்ளே வேறு சிக்கல். கோடையில் மேல்நீர் சூடாகி லேசாகிறது, அடிநீர் குளிர்ந்து கனமாகக் கிடக்கிறது. இரண்டும் கலப்பதில்லை. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் அடியிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. குளிர்காலத்தில் மேல்நீரும் குளிர்ந்து கீழே இறங்கும்போது மொத்த ஏரியும் கலங்கி, அடியில் தங்கிய கெட்ட நீர் மேலே வந்து மீன்கள் செத்து மிதக்கும். 2007-இல் ஏரியின் அடியில் குழாய் பதித்துக் காற்றை ஊத ஆரம்பித்தார்கள். குமிழ்கள் மேலேறும்போது அடிநீரையும் கூட்டிக்கொண்டு வருவதால், ஆண்டு முழுக்கச் சிறிது சிறிதாகக் கலக்கிறது. பலன் தெரிந்தது. என்றாலும் கழிவு வருவதைத் தடுக்காமல் காற்றை மட்டும் ஊதிக்கொண்டே இருக்க முடியாது.

மலைக்கிராமங்களின் நிர்வாகம் சமவெளி ஆட்களுக்குப் புரியாத விதத்தில் இருந்தது. அங்கே போலீஸ் நிலையம் இருக்கவில்லை. நில வரி பார்க்கும் பட்வாரிக்கே போலீஸ் அதிகாரமும் இருந்தது. கொலை நடந்தாலும் முதலில் வந்தவர் அவர்தான், பல நேரம் கையில் தடியோடு. குற்றம் அபூர்வமாக இருந்த, வீடுகள் சிதறிக் கிடந்த மலையில் இது செலவில்லாத ஏற்பாடாக நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. 2018 ஜனவரியில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் இதை முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது. அதன்பிறகு கிராமங்கள் படிப்படியாக வழக்கமான போலீஸின் கீழ் மாற்றப்பட்டு வருகின்றன.

இன்னொரு ஏற்பாடு காட்டுக்கு. 1910-களில் கிராமத்துக் காடுகளை அரசு ஒதுக்குக்காடாக்கி, கிராமத்தார் அவற்றைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியது. 1921-இல் குமாவோன் காடுகள் கோபத்தில் எரிக்கப்பட்டன. அரசு இறங்கி வந்தது. 1931 முதல் கிராமமே தேர்ந்தெடுக்கும் வன பஞ்சாயத்துகள் வந்தன. யார் எப்போது புல் அறுக்கலாம், எந்த மரத்தைத் தொடக்கூடாது என்று அவர்களே முடிவு செய்வார்கள். இது தண்ணீர் விஷயமும்கூட. பாஞ்ச் எனப்படும் கருவாலி மரத்தின் இலை மக்கிய தரை மழையை ஊறவிடும். நௌலா என்ற கல் கட்டிய ஊற்றுத்தொட்டிகள் பெரும்பாலும் அந்தக் காடுகளின் காலடியில்தான் இருக்கும். சீர் எனப்படும் பைன் மரத்தின் ஊசியிலைகளோ காய்ந்து படுக்கையாகக் கிடந்து தீக்குக் காத்திருக்கும். 2024 ஏப்ரலில் நைனிடாலைச் சுற்றிக் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியில் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது.

முன்பு குளிர்காலத்துக்கு மட்டும் இறங்கியவர்கள் இப்போது திரும்ப ஏறுவதில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை எல்லாம் ஹல்த்வானியில். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள் 9,54,605 பேர். தலைமையிடமான நைனிடால் நகரில் இருந்தது சுமார் 41,000. ஹல்த்வானி, காட்கோதாம் சேர்ந்த நகரத் தொகுப்பில் 2 லட்சத்துக்கும் மேல். 2021 அக்டோபர் 18, 19 தேதிகளில் மாவட்டத்தின் மலையூரான முக்தேஷ்வரில் 24 மணி நேரத்தில் 340.8 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அங்கே 1897-இல் பதிவு தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு நாள் இல்லை. மலையில் வீடுகள் இடிந்தன, நைனி ஏரி வழிந்து சாலையில் ஓடியது, காட்கோதாமில் ரயில் தண்டவாளத்தின் அடிமண்ணைக் கௌலா தின்றது.

அரசும் இறங்கப் பார்க்கிறது. 2000-இல் மாநிலம் பிறந்தபோது உயர் நீதிமன்றத்தை நைனிடாலின் பழைய தலைமைச் செயலகக் கட்டடத்தில் வைத்தார்கள். இடம் போதவில்லை. 2022-இல் மாநில அமைச்சரவை அதை ஹல்த்வானிக்கு மாற்ற ஒப்புதல் தந்தது. கௌலாவின் அக்கரையில், கௌலாபாரில் இடம் பார்த்தார்கள். 2024 மே மாதம் அங்கே பெரும்பகுதி காடு என்று சொல்லி உயர் நீதிமன்றமே வேறு இடம் தேடச் சொன்னது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஹல்த்வானியிலிருந்து அந்தக் கௌலாபாருக்குப் போகும் பாலத்தின் அணுகுசாலையையும் 2021 மழையில் ஆறு அடித்துக்கொண்டு போயிருந்தது.