சிப்டியூன்: தமிழில் சில்லிசை

பழைய வீடியோ கேம்களில் கேட்கும் கூரான, கணீரென்ற இசையை சிப்டியூன் என்கிறோம். பழைய கேம் இசை எல்லாமே சிப்டியூன் ஆகிவிடாது. பதிவு செய்த ஒலியை ஓட்டாமல், கருவிக்குள் இருக்கும் ஒலிச் சில்லு (சிப்) அந்தந்தக் கணத்தில் அலைகளை உண்டாக்கி வாசிக்க வேண்டும். '8 பிட் இசை' என்று சொல்வது பழகிவிட்டது, ஆனாலும் அது பிழை. அந்த 8, செயலி ஒரு முறையில் கையாளும் தரவின் அளவு. ஓசையின் தன்மைக்கும் அதற்கும் நேர்த் தொடர்பில்லை.

இந்தப் பெயர் 1990-ஐ ஒட்டி அமிகா கணினிக்காரர்களிடம் பரவியது. அமிகா பதிவுத் துணுக்குகளையே வாசிக்கும், ஆனால் அவை நினைவகத்தை விழுங்கின. அதனால் சிலர் மிகச் சிறிய அலைத் துண்டு ஒன்றைச் சுழல விட்டு, முந்தைய கணினிகளின் சில்லு ஓசையைப் போலச் செய்தார்கள். அந்தச் சிறு கோப்புகளைத்தான் முதலில் சிப்டியூன் என்றார்கள். போலச்செய்ததற்கு வைத்த பெயர் பிறகு அசலுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

அசலுக்கு 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் என்ற நிண்டெண்டோ கேம் கருவி நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஐந்து சேனல்கள், அதாவது தனித்தனியே ஒலிக்கும் ஐந்து குரல்கள்: இரண்டு துடிப்பலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், சிறு பதிவுகளுக்கு ஒன்று. முக்கோண அலைக்கு ஒலியளவுக் கட்டுப்பாடே கிடையாது. ஒலிக்கும், அல்லது நிற்கும். அதனால் பெரும்பாலும் கீழ்சுருதி (பேஸ்) அதற்கு. மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கச் சேனல் போதாதபோது, ஒரே சேனலில் ஃபிரேமுக்கு (திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும்) ஒரு சுரமாக, அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்குக்கு ஒன்றாக, மாற்றி மாற்றி வாசித்தார்கள். காதில் அது அதிரும் ஒரே கூட்டொலியாக விழும். சிப்டியூனுக்கே உரிய அந்தத் துடிதுடிப்பு இப்படி வந்ததுதான். நாயகன் குதிக்கும்போது இசையில் ஒரு இழை காணாமல் போவதற்கும் காரணம் சேனல் பற்றாக்குறை. குதிக்கும் ஓசை அந்த நேரத்துக்கு ஒரு துடிப்பலையைப் பிடுங்கிக்கொள்கிறது.

ரசனை விஷயத்தில் சென்னைக்காரர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. 1990-களில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் 'கேசட்' போட்டு ஆடும் டிவி கேம் என்று வாங்கியவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். துடிப்பலையில் ஒவ்வொரு சுற்றிலும் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை 12.5, 25, 50, 75 என்ற நான்கு விழுக்காடுகளில் ஒன்றாக வைக்கலாம். 50 உருண்டு குழைந்து கேட்கும். 25 மெலிந்து பளிச்சென்று கேட்கும். நகல் சில்லுகள் பலவற்றில் இந்த 25-உம் 50-உம் இடம் மாறியிருந்தன. மெட்டு அதேதான், குரல் வேறு. போதாததற்கு, நம் ஊர் பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவிக்கென்று மாற்றிய பெட்டிகள் நொடிக்கு 60 ஃபிரேமுக்குப் பதில் 50 ஓட்டின. கேம்களில் இசை பெரும்பாலும் ஃபிரேமைப் பிடித்து நகர்வதால், 60 நொடிப் பாட்டு 72 நொடி ஆகிவிடும். இப்படிக் கேட்டு வளர்ந்தவர் அசலைக் கேட்டதும் "பாட்டை வேகமாக ஓட்டிக் கெடுத்துவிட்டார்கள்" என்றால் அவர் காது பொய் சொல்லவில்லை. முதலில் கேட்ட சில்லே அவருக்கு அளவுகோல்.

ஒரே கேமைப் பற்றி இரு நாட்டார் இரு கருத்து சொன்னதும் உண்டு. காசில்வேனியா மூன்றாம் பாகத்தின் 1989 ஜப்பானியக் கேசட்டுக்குள், கேமைத் தயாரித்த கொனாமியின் விஆர்சி6 சில்லு இருந்தது. கூடுதலாக இரண்டு துடிப்பலை, ஒரு ரம்பப் பல் அலை. 1990-இல் அமெரிக்காவில் வந்தபோது அங்குள்ள கருவியின் கேசட் வாயில் வெளி ஒலியை ஏற்கும் வழி இல்லாததால் மூன்றும் போயின. இசையை ஐந்து சேனலுக்குள் மறுபடி அமைத்தார்கள். ஜப்பானிய வடிவமே செறிவானது. ஆனாலும் அமெரிக்க வடிவத்தின் இறுக்கத்தை விரும்புகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதையெல்லாம் கேட்டுப் பார்க்க பழைய கேம் கருவியைக் கணினியில் போலச்செய்யும் மெசன் எமுலேட்டர் போதும். ஒலி அமைப்பில் ஒவ்வொரு சேனலையும் தனித்தனியே அடக்கலாம். பழைய நகல்களைப் போல விழுக்காட்டை இடம் மாற்றும் தேர்வும் உண்டு. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் எழாது. முக்கோண அலை பாதி மறைந்து, இசையே சப்பென்று இருப்பதாகத் தோன்றும். கருத்துச் சண்டைகள் பல இங்கேதான் தொடங்குகின்றன.

இனி தமிழ்ச் சொல். 'சிப்' என்றால் வெட்டியெடுத்த சிறு துண்டு. தேங்காய்ச் சில்லு, ஓட்டாஞ்சில்லு என்று நாம் சொல்வதும் அதே பொருளில்தான். மின்னணுச் சில்லு என்பதும் நிலைத்துவிட்டது. சில்லு + இசை = சில்லிசை. மெல்லிசை போலவே நாவில் எளிதாக வரும். 'சில்லுப் பாட்டு' வேண்டாம், பாட்டு என்றால் பலருக்குச் சொற்கள் நினைவுக்கு வரும். சில்லோ அதை அப்படியே போலச்செய்யும் எமுலேட்டரோ வாசிப்பதைச் சில்லிசை என்றும், இன்றைய கேம்களில் பதிவுத் துணுக்குகளால் அந்தச் சாயலைக் கொண்டுவருவதைச் சில்லிசைப் பாணி என்றும் பிரித்து எழுதலாம். அமிகாக்காரர்களின் சிறு கோப்புகளும் இந்தப் பிரிப்பின்படி சில்லிசைப் பாணியில்தான் சேரும்.