ட்ரூபடோர்: பாணரா, பாவலரா?

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரியைப் பற்றி எதைப் படித்தாலும் 'டஸ்ட் பவுல் ட்ரூபடோர்' என்ற பட்டம் கண்ணில் படும். 1930-களில் புழுதிப்புயல்களால் பாழான அமெரிக்கச் சமவெளி நிலம்தான் 'டஸ்ட் பவுல்'. இதைத் தமிழில் 'நாடோடிப் பாடகர்' என்று எழுதினால் ஊர் ஊராகத் திரிந்தது வந்துவிடும், பாட்டைக் கட்டியதும் அவர்தான் என்பது விட்டுப்போகும். ட்ரூபடோர் என்ற சொல்லுக்கு அந்த விட்டுப்போன பாதிதான் முக்கியம்.

சொல் பிறந்தது தென் பிரான்சில், ஆக்சிதன் மொழியில். அங்கே 'த்ரொபார்' என்றால் கண்டெடுப்பது; பாட்டுக் கட்டுவதும் அதே சொல்தான். அப்படிக் கட்டுகிறவர் 'த்ரொபதோர்'. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ட்ரூபடோர் ஆனது. 'த்ரொபார்' என்பதன் வேர் லத்தீன் 'த்ரோபுஸ்' என்பது பெரும்பான்மைக் கருத்து. பாட்டில் கிறங்குவதைக் குறிக்கும் அரபுச் சொல் 'தரப்' என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

இவர்கள் தெருவில் பாடிப் பிழைத்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பெயர் தெரிந்த முதல் ட்ரூபடோர், 1071-இல் பிறந்த ஒன்பதாம் கில்யோம், அக்விடெய்ன் நாட்டுக் கோமகன். பிறர் கட்டிய பாட்டை அவை அவையாகக் கொண்டுபோய்ப் பாடிப் பரிசு வாங்கியவருக்கு 'ஜோக்லார்' என்று தனிப் பெயர் இருந்தது. இரண்டையும் செய்தவர்களும் இருந்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பாணர்' என்பதுதான் முதலில் நாவில் வரும். பண் பாடுகிறவர் பாணர். யாழும் சுற்றமுமாக ஊர் ஊராகப் போனவர்கள். ஆனால் சிறுபாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். பரிசில் பெற்ற பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழிசொல்வதாகப் பாட்டு நடக்கும். பாட்டை இயற்றியவரோ புலவர் நல்லூர் நத்தத்தனார். சம்பந்தர் பதிகம் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதை யாழில் இசைத்தார் என்கிறது பெரியபுராணம். இப்படிப் பார்த்தால் பழைய பாணருக்கு நெருக்கமானவர் ஜோக்லார்தான். அமலனாதிபிரானைத் தானே பாடிய திருப்பாணாழ்வார் இந்த வரிசைக்கு அழகான விதிவிலக்கு.

கட்டுகிறவரைச் சுட்ட நம்மிடம் 'பாவலர்' இருக்கிறது: பாவில் வல்லவர். மேடையில் பாடுகிறவருக்கும் இந்தப் பெயர் ஒட்டும். பண்ணைப்புரத்து வரதராசன், இளையராஜாவின் அண்ணன், பொதுவுடைமை மேடைகளுக்குத் தானே பாட்டெழுதித் தானே பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் பிரசாரத்திலும் பாடினார். அவரைப் பாவலர் என்றுதான் எல்லோரும் அறிவார்கள்.

கத்ரி இதே இனம். 1912-இல் ஓக்லஹோமாவின் ஓக்கிமாவில் பிறந்தார். 1935 ஏப்ரல் 14 அன்று பகலை இருட்டாக்கிய புழுதிப்புயல் வந்தபோது டெக்சஸின் பாம்பாவில் இருந்தார். பிழைப்புத் தேடி மேற்கே போன கூட்டத்தோடு கலிபோர்னியா சேர்ந்து, லாஸ் ஏஞ்சலஸ் வானொலியில் பாடினார். 1940-இல் வெளிவந்த அவருடைய புழுதிக்காலப் பாட்டுகளில் அந்தச் சனங்களின் கதைதான் இருக்கிறது.

மெட்டுகளைப் பெரும்பாலும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவற்றிலிருந்தே எடுத்துக்கொண்டார். 1940 பிப்ரவரியில் நியூயார்க்கில் எழுதிய, பின்னால் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களெல்லாம் பாடிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' பாட்டுக்கும் மெட்டு, கார்ட்டர் குடும்பம் என்ற நாட்டுப்புற இசைக்குழு பாடிவந்ததுதான். நம் கிராமத்துப் பாட்டுக்காரர்களும் தெரிந்த மெட்டில் புதுச் சொல்லைப் போட்டுத்தான் பாடுவார்கள். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. முதல் தடவை கேட்கிறவர் இரண்டாம் அடியிலேயே சேர்ந்து பாடட்டும் என்பதற்கான வழி அது.

புரவலரும் வாய்த்தார், ஆனால் மன்னர் அல்ல. 1941-இல் கொலம்பியா ஆற்று அணைகளின் மின்சாரத்தை விற்ற அரசுத் துறை அவரை ஒரு மாதத்துக்கு அமர்த்தியது. சம்பளம் 266 டாலர் 66 சென்ட். அவர் எழுதிக் கொடுத்தது 26 பாட்டு. பரிசில் வாங்கினாலும் வாயை அடகு வைக்கவில்லை. 'இந்த இயந்திரம் பாசிஸ்டுகளைக் கொல்லும்' என்று கிட்டாரில் எழுதி வைத்துக்கொண்டு பாடியவர் அவர். மூளை நரம்புகளைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய் அவர் கையையும் குரலையும் பறித்தது. 1961-இல் இளம் பாடகர் பாப் டிலன் தேடி வந்து பார்த்தபோது, கத்ரி மருத்துவமனைவாசி. 1967-இல் இறந்தார்.

என் பரிந்துரை இதுதான். இடைக்காலத் தென் பிரான்சைப் பற்றி எழுதும்போது ட்ரூபடோரைப் பாவலர் என்றும் ஜோக்லாரைப் பாணர் என்றும் பிரித்து எழுதலாம். பெண் ட்ரூபடோருக்கு ஆக்சிதனில் 'த்ரொபைரித்ஸ்' என்று தனிச்சொல் உண்டு. பாடினி, விறலி இரண்டுமே பாடி ஆடியவர்களைக் குறிப்பதால் இங்கே பொருந்தா, 'பெண்பாவலர்' போதும். கத்ரி போன்ற இக்காலத்தவருக்குப் 'பாணப்பாவலர்' என்று சேர்த்தே எழுதலாம். அவருடைய பட்டம் அப்போது 'புழுதிநிலப் பாணப்பாவலர்' என்றாகும்.