ஹானோக் ஸ்டே: மரபுமனை இராத்தங்கல்

தென் கொரியாவுக்குச் செல்வோரின் பயணக் குறிப்புகளில் ‘ஹானோக் ஸ்டே’ என்னும் தொடர் இப்போது அடிக்கடி தென்படுகிறது. சியோலின் புக்சோன் பகுதியிலும், ஜியோன்ஜு நகரிலும், ஆண்டோங் அருகே ஹாஹ்வே சிற்றூரிலும் உள்ள மரபுவழி மரவீடுகளில் ஓரிரவு தங்குவதை அது குறிக்கும். இதைத் தமிழில் ‘பாரம்பரிய ஹோட்டல்’ என்றோ ‘கொரிய விருந்தினர் மாளிகை’ என்றோ எழுதினால் பொருள் பிழைபடுகிறது. அது ஹோட்டலும் அன்று, மாளிகையும் அன்று, வீடு. அந்த வீட்டுத்தன்மை தமிழ்ச் சொல்லிலும் நிற்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

முதலில் ‘ஹானோக்’. சீன எழுத்துகளின் வழியே கொரிய மொழியில் அமைந்த கூட்டுச்சொல் இது. ‘ஹான்’ என்பது கொரியாவையும் ‘ஓக்’ என்பது வீட்டையும் குறிக்க, ‘கொரிய வீடு’ என்பதே நேர்ப்பொருள். வீடுகள் பழையவையாக இருந்தாலும் அவற்றுக்கு வாய்த்த இந்தப் பெயர் அவ்வளவு பழையதன்று. எல்லா வீடும் ஒரே மரபில் கட்டப்பட்ட காலத்தில் அதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. மேலைநாட்டுக் கட்டடங்கள் வந்து, அவற்றை ‘யாங்ஓக்’, அதாவது மேலை வீடு, என்று அழைக்கத் தொடங்கிய பின்னரே எதிரிணையாக ‘ஹானோக்’ வேண்டியதாயிற்று. ஓட்டு வீட்டை மட்டுமே நாம் படங்களில் பார்க்கிறோம். விரிந்த பொருளில் வைக்கோல் வேய்ந்த கூரை வீடும் ஹானோக்கே.

‘ஸ்டே’ என்பது ஆங்கிலம். 2002இல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடந்தபோது, வெளிநாட்டவரைப் பௌத்த மடங்களில் தங்கவைக்கும் ‘டெம்பிள் ஸ்டே’ திட்டம் கொரியாவில் தொடங்கியது; ‘ஹானோக் ஸ்டே’ அதே வாய்பாட்டில் அமைந்த பெயர். கொரியருக்குத் தங்குமிடச் சொற்கள் முன்பே நிறைய உண்டு. வழிப்போக்கர் உணவும் மதுவும் வாங்கிக்கொண்டு அங்கேயே படுத்தெழுந்த சாலையோரக் கடை ‘ஜுமாக்’. பணம் கொடுத்துத் தங்கும் விடுதி ‘யோக்வான்’. குடியிருப்போர் தம் வீட்டிலேயே அறை தருவது ‘மின்பாக்’. இந்த ‘பாக்’ என்னும் சொல்லின் சீன எழுத்தில் நீரைக் குறிக்கும் உறுப்பு உள்ளது; படகைக் கரையில் கட்டி நிறுத்துவதே அதன் பழைய பொருள். இன்றும் கொரியர் பயணத்தை ‘ஒரு பாக், இரண்டு நாள்’, அதாவது ஓரிரவு இரண்டு நாள், என்றே கணக்கிடுகின்றனர்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘சத்திரம்’ பொருந்தாது, அது அறத்துக்காக எழுப்பிய பொது இடம், ஒருவரது வீடு அன்று. ‘விடுதி’ நல்ல சொல். வீடு, விடுதி இரண்டும் ‘விடு’ என்னும் வினையிலிருந்தே வந்தவை. ஆயினும் இன்றைய வழக்கில் விடுதி என்றால் மாணவர் விடுதியோ வாடகை அறையோதான் நினைவுக்கு வருகிறது. ‘மனை’ இன்னும் நெருக்கமானது. நிலைத்திருத்தலைக் குறிக்கும் ‘மன்’ என்னும் அடியோடு தொடர்புடையது ஆதலால், தங்குதல் என்னும் பொருள் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. விற்பனைக்கு அளந்துவிட்ட வெற்று நிலத்தையும் இன்று மனை என்பதால் குழப்பம் வரலாம். ‘மரபுமனை’ என்று சேர்த்துச் சொன்னால் அது தீரும். இரவு தங்குவதற்கு ‘இராத்தங்கல்’ என்ற அழகான சொல் நம்மிடம் உள்ளது, பேச்சில் ராத்தங்கல். ஆகவே ஹானோக் ஸ்டே என்பதைக் ‘கொரிய மரபுமனை இராத்தங்கல்’ எனலாம். ஹானோக் என்னும் கட்டடப் பெயரை அப்படியே வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. தமிழில் மாற்றியே ஆகவேண்டியது ‘ஸ்டே’தான்.

அந்த இரவைப் பற்றி எழுதப் புகுந்தால் இன்னொரு சொல்லைத் தவிர்க்க முடியாது: ‘ஒண்டோல்’. மரபான ஹானோக்கில் கட்டில் இல்லை. மாலையில் மெத்தையைத் தரையில் விரித்து, காலையில் மடித்து வைப்பர். தரைதான் சூடு தருகிறது. பழைய முறையில், அறைக்கு வெளியே, தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அடுப்பில் விறகு எரிய, அதன் அனலும் புகையும் தரையடி வழிகளில் ஓடி, மேலே பரப்பிய கற்பலகைகளைச் சூடாக்கிவிட்டு மறுபுறம் புகைபோக்கியால் வெளியேறும். கொரிய மொழியில் ‘டோல்’ என்றால் கல் என்பதால் ஒண்டோலைச் ‘சூட்டுக்கல்’ எனப் பலர் விளக்குவதுண்டு. ஆனால் அதை எழுதும் சீன எழுத்துகளில் முதலாவது வெம்மையையும் இரண்டாவது புகைவழியையும் குறிக்கின்றன. தமிழில் இதற்குக் ‘கணப்புத்தரை’ என்பதை முன்வைக்கிறேன். குளிர்காயும் நெருப்பு நமக்குக் கணப்பு. இங்கே தரையே கணப்பாகிறது. இந்த ஒண்டோல் பண்பாட்டைத் தென் கொரிய அரசு 2018இல் தேசிய தொட்டுணர முடியாத மரபுச் செல்வமாக அறிவித்தது.

இந்தத் தரையில் எல்லா இடமும் ஒன்றன்று. அடுப்பை ஒட்டிய பகுதி ‘அரேன்மோக்’, எதிர்ப்புறம் ‘வின்மோக்’. கீழிடம், மேலிடம் என்பது நேர்ப்பொருள். மேலிடமே உயர்ந்தது என்று பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும்: அந்த அறையில் மதிப்புக்குரியது கீழிடம். முதியோரையும் விருந்தினரையும் அங்குதான் அமர்த்துவர். எண்ணெய் ஊட்டிய தரைத்தாள் அறையின் மற்ற பகுதிகளில் வெளிர்மஞ்சளாக இருக்க, அங்கு மட்டும் சூட்டில் கன்றிப் பழுப்பேறியிருக்கும். ‘கீழ்’ என்பதற்கு நம்மிடம் ‘அடி’ உண்டு. அடுப்பின் அருகிடம் அடுப்படி ஆனதுபோல, கணப்பின் அருகிடத்தைக் ‘கணப்படி’ எனலாம். வெளியே போனவர் வரத் தாமதமானால், மூடிய கிண்ணத்தில் அவருக்கான சோற்றை வைத்து, போர்வையால் போர்த்தி ஆறாமல் காத்ததும் இந்தக் கணப்படியில்தான்.