அனெக்சேஷன்: இணைப்பா, விரிவாக்கமா, சேர்ப்பா?

ஒரு மாநகராட்சி பக்கத்து ஊரை தன் எல்லைக்குள்ள எடுத்துக்கிட்டா இங்கிலீஷ்ல அதுக்கு அனெக்சேஷன்னு பேரு. லத்தீன்ல 'நெக்டெரே'ன்னா கட்டுறது, முடிச்சு போடுறது, அதுலருந்து 'அன்னெக்டெரே' வந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. பெரிய ஆபீஸை ஒட்டி கட்டுற கட்டடத்தை அனெக்ஸ்னு சொல்றோமே, அதே வேர்தான்.

தமிழ்ல பொதுவா 'இணைப்பு'ன்னும் 'எல்லை விரிவாக்கம்'னும் எழுதுறாங்க. இணைப்புல ஒரு சிக்கல் இருக்கு, ஊரை இணைச்சாச்சு ஆனா குடிநீர் இணைப்பு வரலன்னு எழுத வேண்டி வரும் (எழுதவும் வேண்டியிருக்கு). விரிவாக்கம்னா நகரத்தோட பக்கம் நின்னு பாக்குற சொல்லு, உள்ள போற ஊர் அதுல கண்ணுக்கே தெரியாது. என் ஓட்டு 'எல்லைச் சேர்ப்பு'க்குத்தான்.

இதே 'சேர்'லருந்துதான் 'சேரி'யும் வந்துச்சு. சேந்து வாழுற இடம், அவ்ளோதான் அர்த்தம். உத்தரமேரூர் கல்வெட்டுல வர்ற சேரிங்க பார்ப்பனர் குடியிருப்புங்க. ஆனா தஞ்சை பெரிய கோயில் கல்வெட்டுலயே 'தீண்டாச்சேரி'ன்னு தனியா குறிச்சு வச்சிருக்காங்க. இன்னிக்கு அடைமொழியே தேவையில்ல, சேரின்னு சொன்னாலே ஒதுக்குன இடம்னுதான் எல்லாருக்கும் புரியுது.

சென்னைக்கு வருவோம். 2011ல 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி, மொத்தம் 42 உள்ளாட்சியை சேத்தாங்க, 174 சதுர கிலோமீட்டர் 426 ஆச்சு, வார்டு 155லருந்து 200 ஆச்சு. போர்டுல பேரை மாத்துறது சுலபம், அம்பத்தூர், மணலி, மாதவரம் பக்கமெல்லாம் பாதாள சாக்கடை வேலை பத்து வருஷம் கழிச்சும் முடியாம இழுத்துச்சு, செப்டிக் டேங்க் லாரியை கூப்பிட்டுக்கிட்டே மாநகராட்சிக்கு சொத்து வரி கட்டுனவங்க எத்தனையோ பேரு.

அதவிட கவனிக்க வேண்டியது கண்ணகி நகரும் பெரும்பாக்கமும். 2000 வாக்குல நகரத்து குடிசைங்கள்ல இருந்தவங்களை கொண்டுபோய் வச்ச கண்ணகி நகர் அப்ப ஒக்கியம் துரைப்பாக்கம் ஊராட்சி, சென்னை எல்லைக்கே வெளிய. அதாவது சென்னைக்காரங்களை சென்னையே வெளிய அனுப்பிட்டு 2011ல எல்லையை நீட்டி திரும்ப உள்ள எடுத்துச்சு. ஆனா அந்த நீட்டுன எல்லை பெரும்பாக்கத்துக்கு முன்னாடியே நின்னுடுச்சு. 2015 வெள்ளத்துக்கு அப்பறம் கூவம், அடையாறு கரைலருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை எட்டு மாடி கட்டடங்களுக்கு அனுப்புனாங்களே, அந்த பெரும்பாக்கம் அப்ப ஒரு கிராம ஊராட்சி. ஒரு சின்ன டவுன் ஜனத்தொகைக்கு குப்பை அள்ளுறது, தெருவிளக்கு போடுறதெல்லாம் யார் பொறுப்புன்னு ஊராட்சிக்கும் வீடு கட்டிக் குடுத்த குடிசை மாற்று வாரியத்துக்கும் நடுவுல மக்கள் அலைஞ்சாங்க.

ஏழைங்க, கறுப்பினத்தவங்க இருக்குற இடத்தை மட்டும் எல்லைக்கு வெளிய விட்டு வளைஞ்சு போறதுக்கு அமெரிக்காவுல தனிப் பேரே இருக்கு, அண்டர்பவுண்டிங். தமிழ்ல 'எல்லை ஒதுக்கல்'னு வச்சுக்கலாம். அலபாமால டஸ்கீகி ஊர் சதுரமா இருந்துச்சு, 1957ல சட்டம் போட்டு 28 பக்கம் உள்ள கோணல்மாணல் வடிவமா வெட்டுனாங்க, ஏறக்குறைய 400 கறுப்பின வாக்காளர்ல நாலஞ்சு பேர் தவிர எல்லாரும் வெளிய, வெள்ளைக்காரர் ஒருத்தர்கூட வெளிய போகல. 1960ல சுப்ரீம் கோர்ட்ல அது நிக்கல. ஒஹாயோல சேன்ஸ்வில் பக்கத்துல கோல் ரன்னுன்னு ஒரு கறுப்பினக் குடியிருப்பு, சுரங்கத்தால கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு, சுத்துவட்டார வெள்ளையர் வீட்டுக்கெல்லாம் பைப் போயிருக்கு, இவங்க மட்டும் மழைத் தண்ணிய புடிச்சு வச்சும் வண்டில கொண்டுவந்து தொட்டில ஊத்தியும் 50 வருஷம் ஓட்டுனாங்க. 2008ல ஜூரி கிட்டத்தட்ட 1.1 கோடி டாலர் நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு.

அதுக்காக சேத்துக்கிட்டா எல்லாரும் சந்தோஷப்படுவாங்கன்னும் இல்ல. 2025 ஜனவரியில தமிழ்நாட்டுல பல ஊராட்சிக்காரங்க எங்களை நகரத்தோட சேக்காதீங்கன்னு மறியல் பண்ணாங்க, நகரம் ஆயிட்டா நூறு நாள் வேலை போயிடும், வரி ஏறும், அதான் கணக்கு. அவங்க பேசுனதுல இணைப்பும் கிடையாது விரிவாக்கமும் கிடையாது, 'எங்க ஊரை எடுத்துக்குறாங்க'ன்னுதான் சொன்னாங்க.