கோரம்: குறைவெண்ணா, கூட்டநடப்பெண்ணா?

மக்களவையில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஆகியிருக்கும். காலை 11 மணிக்குத் தொடங்கிய கேள்வி நேரமும் அதை அடுத்த பூஜ்ஜிய நேரமும் முடிந்து, உணவு இடைவேளையும் கழிந்துவிட்டது. மசோதா ஒன்றின் மீது உறுப்பினர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். எதிர்வரிசையில் ஒருவர் எழுந்து, "அவையில் கோரம் இல்லை" என்கிறார். பேச்சு நிற்கிறது, மணி ஒலிக்கிறது. வெளியே இருக்கும் உறுப்பினர்கள் அவைக்குள் விரைந்து வருகிறார்கள். தலைகள் எண்ணப்படுகின்றன. எண்ணிக்கை தேறினால் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். தேறாவிட்டால் அவை ஒத்திவைக்கப்படும்.

அவை நடப்பதற்கு இத்தனை பேராவது இருந்தாக வேண்டும் என்ற அந்தக் குறைந்த அளவு எண்ணிக்கையே கோரம். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு இதை மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்திருக்கிறது. 543 பேர் கொண்ட மக்களவைக்கு 55. 245 பேர் கொண்ட மாநிலங்களவைக்கு 25. அவைத்தலைவரும் இந்தக் கணக்கில் சேர்வார். எண்ணிக்கை குறைந்தால் அவையை ஒத்திவைப்பதோ, போதிய பேர் வரும்வரை நிறுத்திவைப்பதோ அவைத்தலைவரின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. மாநிலச் சட்டமன்றங்களுக்குப் பத்துப் பேர் அல்லது பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது கூடுதலோ அது. 234 இடங்கள் உள்ள தமிழ்நாட்டுக்கு 24.

நடைமுறையில் யாராவது எழுந்து சுட்டிக்காட்டும்வரை கோரம் இருப்பதாகவே கொள்ளப்படுகிறது. அதனால் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு மணிக்கணக்கில் அவை நடப்பதும் உண்டு. இது எனக்கு உறுத்துகிறது. குறிப்பாக வெள்ளிக்கிழமைகளில். அன்று அமர்வின் கடைசி இரண்டரை மணி நேரம் அமைச்சர் அல்லாத உறுப்பினர்களின் தனிநபர் மசோதாக்களுக்கானது. பலர் அதற்குள் தொகுதிக்குப் புறப்பட்டிருப்பார்கள். தனிநபர் மசோதா எதுவும் 1970க்குப் பிறகு சட்டமாகவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. ஆனாலும் ஓர் உறுப்பினர் உழைத்து எழுதிய மசோதாவைக் கேட்கக்கூட 55 பேர் அமர்ந்திருப்பதில்லை என்றால், அது வருந்த வேண்டிய செய்திதான்.

கோரம் இலத்தீன் சொல். தமிழ் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அந்த மொழியில் இது பெயர்ச்சொல்கூட இல்லை. ஆறாம் வேற்றுமைப் பன்மையில் நிற்கும் ஒரு பிரதிப்பெயர். "அவர்களுள்" என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதுதான். இடைக்கால இங்கிலாந்தில் அமைதி நீதிபதிகள் எனப்பட்ட உள்ளூர் நீதிபதிகளை நியமிக்கும் அரசாணை இலத்தீனில் எழுதப்பட்டது. பலர் பெயரைச் சொல்லிவிட்டு, முக்கியமான வழக்குகளை விசாரிக்கும்போது சட்டம் கற்ற இன்னின்னார் இருக்க வேண்டும் என்பதற்காக, "அவர்களுள் இன்னார் ஒருவராக இருக்க விரும்புகிறோம்" என்று ஒரு தொடர் சேர்ப்பார்கள். அந்தத் தொடரின் முதல் சொல்லே அத்தகைய நீதிபதிகளைக் குறிக்கும் பெயராக நிலைத்துவிட்டது. இன்னார் இருக்க வேண்டும் என்றிருந்த பொருள், இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று மாறியது 17ஆம் நூற்றாண்டில். பிரிட்டன் மக்களவையின் கோரம் இன்றும் 40தான்.

சொல் அங்கிருந்து வந்தது என்பதால் கருத்தும் அங்கிருந்துதான் வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் ஆற்றிய உரையில் அம்பேத்கர் இதை அழுத்தமாகச் சொன்னார். பௌத்த பிக்கு சங்கங்களில் இருக்கை முறை, தீர்மானம், வாக்கெடுப்பு ஆகியவற்றோடு கோரத்துக்கும் விதிகள் இருந்தன என்று அவர் பட்டியலிட்டார். பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூல்களில் இதைக் காணலாம். ஒருவருக்குத் துறவு முழுமையாக அளிக்கப் பத்துப் பிக்குகள் கூட வேண்டும். பிக்குகள் அரிதாக இருந்த எல்லைப்புற நாடுகளில் ஐவர் போதும். எண்ணிக்கையை நிறைவுசெய்ய வருபவருக்குக் கணபூரகர் என்று பெயர். இந்தி இன்று வழங்கும் 'கணபூர்த்தி' இந்தச் சொல்லுக்கு உறவு.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? கோரம் என்றே விட்டுவிட எனக்கு மனமில்லை. அச்சம் தருவது, கொடூரமானது என்ற பொருளில் கோரம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. "கோர விபத்து" என்று நாளிதழில் படிக்கும் கண்ணுக்கு "அவையில் கோரம்" இடறுகிறது.

தமிழ்நாட்டு ஆட்சிச்சொல் குறைவெண் வரம்பு. சுருக்கமாகக் குறைவெண் என்பார்கள். 'குறைந்த அளவு எண்' என்பதே கருத்து. ஆனால் காதில் விழுவது 'குறைவான எண்'. "அவையில் குறைவெண் இல்லை" என்றால் ஆள் குறையவில்லை, அவை நிறைந்திருக்கிறது என்றல்லவா புதிதாகக் கேட்பவர் நினைப்பார்? சொல்ல வந்ததற்கு நேர் எதிர்! சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபைகள் கூடியதைச் சொல்லும் ஓர் அழகான தொடர் உண்டு: "கூட்டக் குறைவறக் கூடியிருந்து". கூட்டத்தில் குறைவு இல்லாதபடி கூடி அமர்ந்து என்று பொருள். எத்தனை பேர் என்று அந்தத் தொடர் வரம்பு கட்டவில்லை. ஆனால் முறையாகக் கூடிய சபையின் முடிவே செல்லும் என்ற உணர்வு அதில் இருக்கிறது. அங்கே குறைவு என்பது இருக்கக் கூடாத ஒன்று. நம் ஆட்சிச்சொல்லிலோ, அது இருந்தே ஆக வேண்டிய ஒன்றாகிவிட்டது.

இலங்கைத் தமிழில் கூட்டநடப்பெண் என்கிறார்கள். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் 225 பேரில் 20 பேர் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்க வழங்கும் சொல் இது. கூட்டம் நடப்பதற்கு வேண்டிய எண். விளக்கவுரையே தேவையில்லை. சற்று நீளம்தான், ஆனால் ஒத்திவைப்புத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் எல்லாம் நாவுக்குப் பழகவில்லையா? நான் இதையே எழுதுகிறேன். "கூட்டநடப்பெண் இல்லாததால் மக்களவை ஒத்திவைக்கப்பட்டது" என்று செய்தியில் வந்தால், அவை ஏன் கலைந்தது என்பது யாரையும் கேட்காமலே வாசகருக்குப் புரிந்துவிடும்.