ஒன்றிய பட்ஜெட்: பங்கு பிரிக்கும் முன்பே போய்விடும் பணம்

பட்ஜெட் ஆவணங்களில் ஒரு வட்டப்படம் இருக்கும்: ஒரு ரூபாய் எங்கே போகிறது? 2025-26க்கான படத்தில் மாநிலங்களின் வரிப் பங்கு 22 பைசா, கடன் வட்டி 20 பைசா, பாதுகாப்பு 8 பைசா, மானியங்கள் 6 பைசா, ஓய்வூதியம் 4 பைசா.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஆண்டு ஒன்றிய அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி. வகுத்தால் 25 பைசா வருகிறது, 20 இல்லை. காரணம், மாநிலங்களுக்குப் போகும் 14.22 லட்சம் கோடி வரிப் பங்கு அந்த 50.65க்குள் வராது, படத்துக்கு மட்டும் அதையும் மொத்தத்தில் கூட்டிக்கொள்கிறார்கள். மொத்தம் பெருத்ததும் வட்டி சிறுத்துத் தெரிகிறது. கணக்கில் தவறில்லை. ஆனாலும் அரசின் கை எவ்வளவு கட்டப்பட்டிருக்கிறது என்று அறிய 25 பைசாவைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வட்டியை மக்களவை குறைக்கவும் முடியாது. அரசியலமைப்பின் 113ஆவது பிரிவுப்படி, கடன் வட்டி, குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்றவற்றை விவாதிக்கலாம், வாக்கெடுப்பு கிடையாது. மற்றச் செலவுகள் ‘மானியக் கோரிக்கை’களாக, அதாவது அமைச்சகங்கள் தங்கள் செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கைகளாக, மக்களவைக்கு வரும் (மேலே சொன்ன மானியம் வேறு), வாக்களிக்கும் உரிமை மாநிலங்களவைக்கு இல்லை. சில அமைச்சகங்களின் கோரிக்கைகளைத்தான் விரிவாக விவாதிப்பார்கள். கடைசி நாளில் மிச்சம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடுவதற்குப் பெயரே ‘கில்லட்டின்’!

மாநிலப் பங்கை நிதி ஆணையம் பரிந்துரைக்கிறது. 2021-26 காலத்துக்கு, பகிரத்தக்க வரி வருவாயில் 41 சதவீதம். செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கு வசூலிக்கும் வரி), கூடுதல் வரி (சர்சார்ஜ், வரியின் மேல் போடும் வரி) இரண்டும் இந்தப் பகிர்வுக்குள் வராது. மாநிலங்கள் குறைபட்டுக்கொள்வது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

அப்புறம் வருபவை திட்டங்கள். விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் முழுக்க ஒன்றிய அரசின் செலவு. ‘ஒன்றிய அரசு நிதியுதவித் திட்டங்கள்’ வேறு ரகம்: பலவற்றில் செலவு 60:40 என்று பிரியும், வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10. பெயர் டெல்லியுடையது என்றாலும், மாநிலம் தன் 40ஐ ஒதுக்காவிட்டால் திட்டம் நகராது.

பிப்ரவரி 1 அன்று அறிவிக்கும் தொகை வெறும் மதிப்பீடுதான். ஆண்டின் நடுவே துணை மானியக் கோரிக்கை மூலம் கூடலாம். மார்ச் 31க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். உங்களுக்கு வேண்டிய திட்டத்தைத் தேடும்போது புதிய ஒதுக்கீட்டோடு நிறுத்தாமல், பக்கத்திலேயே இருக்கும் சென்ற ஆண்டின் ‘திருத்திய மதிப்பீடு’, அதற்கு முந்தைய ஆண்டின் ‘உண்மைச் செலவு’ இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.