இணைக்கவனம்: சொல் விளக்கம்

மழலையர் கல்வியிலும் பேச்சுப் பயிற்சியிலும் அடிக்கடி அடிபடும் சொல் ‘ஜாயின்ட் அட்டென்ஷன்’. குழந்தையும் பெரியவரும் ஒரே பொருளைக் கவனிப்பது. அதோடு, ‘நீயும் இதைத்தான் கவனிக்கிறாய்’ என்பது இருவருக்கும் தெரிந்திருப்பது. இந்தப் பின்பாதிதான் உயிர். ஒரே டிவியை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பார்ப்பது இதில் சேராது.

அங்கன்வாடி வாசலில் ஒரு பையன் எறும்பு வரிசையில் லயித்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். டீச்சர் வண்ண அட்டையை நீட்டி, “இங்கே பாரு, இது என்ன கலர்?” என்றால் கண் வரும், மனசு வராது. பக்கத்தில் குந்தி, “எறும்பா? வரிசையா எங்கடா போகுது?” என்று கேட்டால் எறும்பைப் பார்ப்பான், டீச்சர் முகத்தைப் பார்ப்பான், மறுபடி எறும்பு. கண் இப்படிப் போய்வருவதுதான் அடையாளம். அந்த நேரத்தில் காதில் விழும் சொல் ஒட்டிக்கொள்ளும். குழந்தை ஏற்கெனவே பார்ப்பதற்குப் பெயர் சொன்னால், கவனத்தை வேறு பக்கம் திருப்பிச் சொல்வதைவிட நன்றாகக் கற்கிறது என்று உளவியலாளர்கள் டொமசெல்லோவும் ஃபராரும் 1986-இல் எழுதினார்கள்.

ஒரு வயதையொட்டிக் குழந்தை விரல் நீட்டத் தொடங்கும். ‘அது வேணும்’ என்று நீட்டுவது வேறு, ‘அதைப் பாரேன்’ என்று நீட்டுவது வேறு. இரண்டாவதுதான் நம் சொல்லுக்கு உரியது. ஆட்டிசத்துக்கான தொடக்கநிலைப் பரிசோதனைகளிலும் இதைக் கேட்பார்கள்.

‘அட்டென்ஷன்’ லத்தீன் வழி வந்தது; ஒன்றை நோக்கி நீளுதல் என்பது அதன் வேர்ப்பொருள். உளவியலாளர்கள் ஸ்கைஃப், புரூனர் இருவரும் 1975-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதிய கட்டுரை, கைக்குழந்தை பெரியவரின் பார்வை போகும் திசையில் தானும் பார்ப்பதை ஆராய்ந்தது.

சரி, தமிழில்? ‘கூட்டுக்கவனம்’ என்றால் வகுப்பு முழுக்கக் கரும்பலகையைப் பார்ப்பது போல இருக்கிறது. ‘பகிர்கவனம்’ அழகுதான், ஆனால் பகிர்தல் என்றால் பங்கிடுதல். கவனம் இரண்டாகப் பிரிந்துபோனதாகவும் படித்துவிடலாம். இணை என்றாலே இருவர் என்பதால் என் ஓட்டு ‘இணைக்கவனம்’. ‘இணைநோக்கு’ இன்னும் சுருக்கம், ஆனால் அது கண்ணோடு நின்றுவிடும். பார்வையில்லாத குழந்தை மணியைத் தடவி, ஆட்டி, பக்கத்தில் இருப்பவர் கையை இழுத்து அதன்மேல் வைப்பதும் இணைக்கவனம்தான்.